உப்பு

மே மாதம் மூன்றாவது ஞாயிறு, பகல் பன்னிரண்டு.
புதுவயல் ரோட்டு ஐஸ் கம்பெனியில்
மீன் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு
உட்கார்ந்திருக்கிறேன்
கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு.
கதவைச் சாத்துமுன் யாகூப் கேட்டான்:
"எத்தனை நிமிஷம்க்கா?"
இருபது என்றேன்.
பதினொன்றில் தட்டினேன்.
அடுத்த ஞாயிறு, பதினெட்டு.

அண்ணனிடம் சொன்னபோது
மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.
"தெற்கேயா?
கன்னியாகுமரிக்கா இம்மாம் பெரிய பை?"
அதற்கும் தெற்கு.
கடலுக்கும் தெற்கு.
பள்ளிக்கூட உலக உருண்டையில்
ஸ்குரு முடுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே.
"எமன் திசை" என்றார்.
நாற்பது வருஷமாக நீங்கள் சொல்லித்தானே அண்ணே
தெற்கே தலைவைத்துப் படுக்கிறேன்.
தலை போன வழியில்
இப்போது உடம்பும் போகிறது,
அவ்வளவுதான்.

பழைய பேப்பர் கடைத் தராசில் பை பதினோரு கிலோ.
கடைக்காரர் பழக்கதோஷத்தில் விலை சொன்னார்.
விடிவதற்குள் அதைச் சுமந்து
செக்காலையிலிருந்து கோட்டையூர் வரை நடந்து பழகினேன்.
பால்காரர் சைக்கிளை நிறுத்தி,
"சேலை வியாபாரமா ஆச்சி?
கண்டாங்கி இருக்கா?"
இல்லை. இரண்டு கம்பளிக் கால்சட்டை,
கொடைக்கானலில் வாங்கிய குரங்குக் குல்லா,
தேவகோட்டை இன்சூரன்ஸ் ஆபீஸில்
இருபத்தாறு நாள் விடுப்புக்கு எழுதிய
கடிதத்தின் நகல்.
காரணம்: சொந்த வேலை.

கிளம்பிய அன்று நண்பகல்.
ஆனியில் சூரியன் நமக்கும் வடக்கே நகர்ந்துவிடும்.
பேருந்து நிலையத்தில் குனிந்து பார்த்தேன்,
சாண் அளவு நிழல்
செருப்புக்கு அந்தப் பக்கம்,
எனக்கு முன்னால் தெற்கே கிளம்பியிருந்தது.

நாலு விமானம்.
முப்பத்திரண்டு மணி நேரம் முடியாத ஒரே ஞாயிறு.

அந்த ஊரில் வெயில்
பத்து மணிக்கு வேலைக்கு வந்து
ஐந்துக்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது,
என்னைப் போலவே.
இடைப்பட்ட நேரத்திலும் எழுந்து நிற்பதில்லை,
வடக்கு மலை விளிம்பில் சாய்ந்தபடி கையெழுத்துப் போடுகிறது.
தகரக் கூரைகள். செங்குத்தாக இறங்கும் தெருக்கள்.
காற்று, காற்று.
பார்க்க வந்த பனியாற்றுக்குப் படகு
முதல் நாள் இல்லை.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் நான் கேட்கவே போகவில்லை.
ஆறு பேர் படுக்கும் அறையில் கீழ்க்கட்டில்,
மேலே யாரோ ஒருத்தி
எனக்குத் தெரியாத மொழியில் தூக்கத்தில் சண்டை போடுகிறாள்.

அன்று காலை, இருட்டில்,
விடுதி வாசலில் ஒரு ஆள்
வாளியும் கையுமாக
உறைந்த படிகளில் எதையோ தூவிக்கொண்டிருந்தார்.
விதைப்பவர் மாதிரி ஒரே வீச்சு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
யாகூப்பின் தொட்டியில்
இதே உப்பைக் கரைத்துத்தான்
டின் டின்னாகத் தண்ணீரை உறையவைக்கிறார்கள்.
இங்கே உறைந்ததை இதுவே அவிழ்க்கிறது.
அதைச் சொல்ல
என்னிடம் இருந்த பதினாலு ஸ்பானிஷ் வார்த்தை போதவில்லை.
"சால்" என்றேன்.
"சால்" என்றார் அவரும், சந்தேகமாக,
பிறகு வாளியை என் பக்கம் நீட்டினார்.
ஏழு படிகள்.
கடைசிப் படிக்கு நானே தூவினேன்.
கையுறை ஈரமாகிக் கனத்தது.
குளிர் எத்தனை நிமிஷம் ஆயிற்றென்று
அன்று நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு
காரைக்குடி கொதித்துக்கொண்டிருந்தது.
யாகூப் பனிக்கட்டியை உடைத்தபடியே கேட்டான்,
"நம்ம ரூமு மாதிரியாக்கா இருந்துச்சு?"
உன் ரூமில் காற்று இல்லை என்றேன்.
கையுறையை உதறினேன்,
சுண்டுவிரல் நுனியில் ஒட்டியிருந்தது
உள்ளங்கையில் நாலைந்து கல்லாக விழுந்தது.
ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான்,
கண்ணை மூடி, நிதானமாக.

"தூத்துக்குடி உப்புதான்க்கா கரிப்பு."

மிச்சத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு
அடுத்த லாரிக்குக் கதவைத் திறக்கப் போனான்.